கவ்வாத்துக் கத்தியும் சேலத்து உருக்கும்

கேமரன் மலையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் வழக்கமாக மூன்று பெயர்களில் தொடங்குவார்கள். 1885இல் இந்த மலைப்பகுதியை அளக்க வந்த வில்லியம் கேமரன். 1920களில் இதை வெள்ளைக்காரர்கள் இளைப்பாறும் குளிர்நகரமாக்க முனைந்த ஜார்ஜ் மேக்ஸ்வெல். 1929இல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிய ஜே.ஏ. ரஸ்ஸல். அதன்பிறகு தாப்பாவிலிருந்து மலையேறும் சாலை வரும், காட்டை அழித்த கதை வரும், சிலோனிலிருந்து வந்த தேயிலை அனுபவம் வரும். தொழிலாளர்கள் பன்மையில் வருவார்கள். அவர்கள் கையில் இருந்த கருவி வருவதே இல்லை. முதுகில் தொங்கும் கூடையாவது புகைப்படத்தில் விழுந்துவிடும். கத்தி விழாது.

நான் எழுத வந்தது அந்தக் கத்தியைப் பற்றி. இன்னும் சரியாகச் சொன்னால், அந்தக் கத்தி அடிவாங்கும்போது அதன் இரும்புக்குள் என்ன நடக்கிறது என்பதைப் பற்றி. இதற்கும் வரலாற்றுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். ஐரோப்பாவின் தலைசிறந்த மூளைகள் நூறாண்டுக்கும் மேலாகத் தென்னிந்தியாவின் எஃகுக் கட்டி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு திணறியதற்கும், கேமரன் மலைத் தோட்டத்தில் ஒரு கிழவர் லோரி ஸ்பிரிங்கைக் காய்ச்சிக் கத்தி அடித்ததற்கும் நடுவில் ஓடுவது ஒரே கேள்விதான். இரும்பை எந்தச் சூட்டில், எப்படி அடிப்பது?

முதலில் கவ்வாத்து. தேயிலை இயல்பில் மரம். விட்டால் வீட்டு உயரத்தைத் தாண்டி வளரும். அதை இடுப்பளவுப் புதராக அடக்கி வைத்திருப்பது மனிதன் செய்யும் வேலை. மூன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை தூரின் கிளைகளை வெட்டி இறக்குவார்கள். பச்சைப் பாய் விரித்ததுபோல் இருந்த மலைச்சரிவு அப்போது மொட்டையாக, எலும்புக்கூடுபோல் நிற்கும். சுற்றுலா வருகிறவர்கள் அந்தப் பக்கம் கேமராவைத் திருப்புவதில்லை. கொழுந்து பறிப்பது பெண்களின் வேலை, கவ்வாத்து வெட்டுவது ஆண்களின் வேலை என்பது தோட்டத்து வழக்கம்.

வெட்டு சாய்வாக விழவேண்டும், ஒரே வீச்சில் விழவேண்டும். வாது பிளந்தால் அந்தப் பிளவில் மழைநீர் இறங்கும், பூஞ்சை வரும், தூர் உள்ளிருந்தே அழுகும். தேயிலைத் தண்டு பார்க்கச் சின்னது, வெட்டினால் தெரியும் அதன் கெட்டி. ஒரு தூருக்கு எத்தனையோ வெட்டு, ஒரு நாளைக்கு எத்தனையோ தூர். அந்த வேகத்தில் கத்தி சில சமயம் கல்லிலும் படும். ஆகவே கத்தியிடம் கேட்கப்படுவது ஒன்றுக்கொன்று முரணான இரண்டு குணங்கள். விளிம்பு கடினமாக இருக்கவேண்டும், இல்லாவிட்டால் மழுங்கும். உடல் இளகிக் கொடுக்கவேண்டும், இல்லாவிட்டால் உடையும். எஃகின் மொத்த வரலாறும் இந்த இரண்டையும் ஒரே இரும்பில் கொண்டுவரப் பார்த்த வரலாறு எனலாம்.

என் தாத்தா கவ்வாத்துக்காரர். அவரிடம் இரண்டு கத்திகள் இருந்தன. ஒன்று ஆங்கில எழுத்து பதித்த சீமைக் கத்தி. இன்னொன்று தோட்டத்திலேயே அடித்தது. தாத்தா வேலைக்கு எடுத்துப் போனது இரண்டாவதைத்தான். அதை அடித்தவர் தோட்டத்து லோரி கொட்டகையில் வேலை பார்த்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் லயத்துக்குப் பின்னால் சின்ன உலை மூட்டி, உடைந்த லோரி ஸ்பிரிங் பட்டைகளைக் காய்ச்சிக் கத்தியும் பாராங்கும் அடித்துக் கொடுப்பார். நாங்கள் அவரைப் பட்டறைத் தாத்தா என்போம். பையன்கள் சுற்றி நின்று பார்ப்போம். துருத்திக்குப் பதிலாக ஒரு பழைய காற்றாடி. பட்டடைக்குப் பதிலாகத் தண்டவாளத் துண்டு. வெயில் ஏறிய பிறகு உலை மூட்டமாட்டார். காலையிலோ சாயங்காலமோதான். "வெயில்ல இரும்போட நெறம் பொய் சொல்லும்டா" என்பார்.

அவர் சொன்னவற்றில் மூன்று எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

"எல்லா ஸ்பிரிங்கும் கத்தி ஆவாது. தட்டிப் பாரு. கணீர்னு கேட்டா எடு. சத்தம் செத்திருந்தா தூக்கிப் போட்டுரு."

"செவப்புல அடிக்கணும். கறுத்த பெறகு அடிச்சா வெடிக்கும். பொரி பறக்குற அளவுக்குக் காச்சினா மண்ணு மாதிரி உதிரும்."

"அடிச்சு முடிச்சாப் பாதி வேலைதான். தோய்ச்சல் சரியா விழுந்தாத்தான் கத்தி."

பிறகு நான் பாலிடெக்னிக்கில் உலோகவியல் படித்தேன். அங்கே ஒரு பருவம் முழுக்க நடத்திய பாடம் கிட்டத்தட்ட இந்த மூன்று வாக்கியங்களின் விளக்கம்தான். கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம். இது புரிந்தால்தான் பின்னால் வரும் வரலாறு புரியும்.

இரும்பு பார்வைக்கு ஒரே திண்மமாகத் தெரிந்தாலும் கோடிக்கணக்கான சிறு பரல்களால் ஆனது. ஒவ்வொரு பரலுக்குள்ளும் அணுக்கள் வரிசை வரிசையாக அடுக்கப்பட்டிருக்கின்றன. பக்கத்துப் பரலில் வரிசையின் திசை வேறாக இருக்கும். இதில் கொஞ்சம் கார்பன் சேர்ந்தால் எஃகு. அந்தக் கார்பன் இரும்போடு கூடிச் சிமெண்டைட் என்ற கடினமான, நொறுங்கக்கூடிய சேர்மமாக ஆங்காங்கே படிந்திருக்கும். மென்மையான இரும்புத் தகடும் கடினமான சிமெண்டைட் தகடும் மாறிமாறி அடுக்கிய பகுதிக்குப் பியர்லைட் என்று பெயர். முத்துச்சிப்பிபோல் மினுங்குவதால் அந்தப் பெயர். இந்த உள்வீட்டு அமைப்பைத்தான் நுண்ணமைப்பு என்கிறோம். எஃகின் குணத்தில் பெரும்பகுதியை எவ்வளவு கார்பன் இருக்கிறது என்பதோடு, அது எங்கே எந்த வடிவில் உட்கார்ந்திருக்கிறது என்பதும் தீர்மானிக்கிறது.

இந்த இரும்பை அடித்தால் என்ன ஆகிறது? அணு வரிசைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குகின்றன. ஒரு முழு வரிசையும் ஒரே நேரத்தில் வழுக்குவதானால் அதற்கு மிகப் பெரிய விசை வேண்டும் என்று 1920களில் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். உண்மை இரும்போ அந்தக் கணக்கைவிட எத்தனையோ மடங்கு குறைந்த விசையிலேயே வளைந்தது. இந்தப் புதிரை 1934இல் டெய்லர், ஒரோவான், போலான்யி என்ற மூன்று பேர் தனித்தனியாக விடுவித்தார்கள். கல்யாண வீட்டில் விரித்த பெரிய சமுக்காளத்தை ஓரத்தைப் பிடித்து இழுத்தால் நகராது. ஒரு முனையில் சின்ன மடிப்பு உண்டாக்கி, அந்த மடிப்பை மட்டும் மறுமுனைக்குத் தள்ளிக்கொண்டு போனால் முழுச் சமுக்காளமும் ஒரு விரற்கடை நகர்ந்துவிடும். அணு வரிசைகளிலும் அப்படிப்பட்ட மடிப்புகள் உண்டு. பிறழ்வுகள் என்று அவற்றைச் சொல்வோம். அடி விழும்போது நகர்வது இந்தப் பிறழ்வுகள்தாம்.

நகர்வதோடு நிற்பதில்லை, பெருகவும் செய்கின்றன. நன்றாகக் காய்ச்சி மெல்ல ஆறவிட்ட உலோகத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்குப் பத்து லட்சத்திலிருந்து பத்துக் கோடிவரை பிறழ்வுகள் இருக்கும். குளிர்ந்த நிலையில் பலமாக அடித்த பிறகு அது பத்தாயிரம் கோடியையும் தாண்டும். கூட்டம் கூடினால் சந்தையில் நடக்கமுடியாது என்பதுபோல, அவை ஒன்றில் ஒன்று சிக்கி நகரமுடியாமல் நிற்கும். அதனால் இரும்பு கடினமாகும். கம்பியை முன்னும் பின்னும் வளைத்து ஒடிக்காத பிள்ளை உண்டா? முதலில் எளிதாக வளையும், பிறகு விறைக்கும், கடைசியில் பட்டென்று போகும். நம் விரல் உணர்ந்தது அந்த நெரிசலைத்தான். கறுத்த பிறகு அடித்தால் ஏன் வெடிக்கும் என்பதற்கு இதுவே பதில். குளிர்ந்த இரும்பில் நெரிசல் ஏறிக்கொண்டே போகிறது. அது கலைய வழியில்லை.

சிவக்கக் காய்ந்த இரும்பில் வழியிருக்கிறது. அந்தச் சூட்டில் அணுக்கள் இடம் மாறும் அளவுக்குத் துடிப்போடு இருக்கும். அடியால் நசுங்கிச் சிக்குண்ட பழைய பரல்களுக்கு நடுவே சிக்கலற்ற புதிய பரல்கள் முளைக்கும். கவ்வாத்து வெட்டிய தூரில் துளிர் விடுவதுபோல. அடி, காய்ச்சு, அடி, காய்ச்சு என்று போகும்போது பரல்கள் ஒவ்வொரு சுற்றிலும் பொடிப்பொடியாகப் புதிதாகப் பிறக்கின்றன. பொடிப் பரல் என்றால் உறுதியும் கூடும், உடையாத தன்மையும் கூடும். எஃகில் இந்த இரண்டும் சேர்ந்து கூடுவது அபூர்வம். ஆனால் சூடு எல்லை மீறினால் பரல்கள் ஒன்றையொன்று விழுங்கிப் பெருக்கும். இன்னும் மீறிப் பொரி பறந்தால் பரல்களின் எல்லைகளே உருகவும் எரியவும் தொடங்கும். அதன்பிறகு அடித்தால் மண்கட்டிதான். அந்த எஃகைத் திரும்ப மீட்கமுடியாது.

ஸ்பிரிங்கைத் தட்டிப் பார்க்கச் சொன்னதற்கும் காரணம் இருக்கிறது. லோரி ஓடும் ஒவ்வொரு குழியிலும் ஸ்பிரிங் வளைந்து நிமிர்கிறது. லட்சக்கணக்கான முறை இப்படி ஆகும்போது எங்கோ ஓரிடத்தில் பிறழ்வுகள் குவிந்து கண்ணுக்குத் தெரியாத விரிசல் விடும். உலைச் சூடு பிறழ்வுகளை அழித்துவிடும், பரல்களைப் புதுப்பித்துவிடும். விரிசலை அது ஆற்றாது. விரிசல் விட்ட பட்டை கணீரென்று ஒலிக்காது.

மூன்றாவது, தோய்ச்சல். அடித்து முடித்த கத்தியைச் செக்கச் சிவக்கக் காய்ச்சிச் சட்டென்று எண்ணெயில் அமிழ்த்துவார். எஃகு 727 டிகிரிக்கு மேலே போகும்போது அதன் அணு அடுக்கு வேறு வகையாக மாறத் தொடங்கி, கார்பன் அதற்குள் கரைகிறது. மெல்ல ஆறினால் கார்பன் வெளியேறிப் பியர்லைட் ஆகும். சட்டென்று ஆறினால் வெளியேற நேரமில்லாமல் மாட்டிக்கொள்ளும். அப்படி இழுத்துக் கட்டிய அடுக்குக்கு மார்ட்டென்சைட் என்று பெயர். மிகக் கடினம், கண்ணாடிபோல் உடையும். அதனால் மறுபடியும் மிதமாகச் சூடுகாட்டி, விளிம்பில் வைக்கோல் நிறம் ஓடும்போது நிறுத்துவார். கொஞ்சம் கடினம் போகும், உடையும் குணம் நிறையப் போகும். வைக்கோல் நிறத்தைத் தாண்டி நீலம் வந்துவிட்டால் விளிம்பு தேவைக்கு மேல் இளகிவிட்டது என்று பொருள். இதை அவர் வெப்பமானி வைத்துச் செய்யவில்லை. கண்ணால் செய்தார்.

இனி வரலாற்றுக்கு வரலாம்.

பிரெஞ்சு அறிஞர் ரேயோமூர் 1722இல் எஃகைப் பற்றி ஒரு பெரிய நூலை வெளியிட்டார். அவருக்குக் கெய்ரோ வழியாக இந்திய எஃகுக் கட்டிகள் கிடைத்தன. அதில் ஒரு கருவி செய்து பார்க்கவேண்டும் என்று பாரிஸின் கொல்லர்களிடம் கொடுத்தார். ஒருவராலும் முடியவில்லை. அடித்தால் நொறுங்கியது. அன்றைய ஐரோப்பாவில் பாரிஸ் சாதாரண ஊரில்லை. அங்கே திறமையான கொல்லர்களுக்குப் பஞ்சமும் இல்லை. பிறகு ஏன்?

அந்தக் கட்டியில் ஏறத்தாழ ஒன்றரை சதவீதம் கார்பன் இருந்தது. ஐரோப்பியக் கொல்லர் பழகியது அதைவிடக் கார்பன் மிகக் குறைந்த இரும்பிலும் எஃகிலும். மஞ்சளும் வெண்மையுமாகக் காய்ச்சி அடித்தால் அந்த இரும்பு வெண்ணெய்போல் வளைந்து கொடுக்கும். ஒன்றரை சதவீதக் கார்பன் உள்ள கட்டியை அந்தச் சூட்டுக்குக் கொண்டுபோனால் உள்ளே ஆங்காங்கே உருகத் தொடங்கிவிடும். பட்டறைத் தாத்தா மண்ணுபோல் உதிரும் என்றாரே, அதுதான் பாரிஸில் நடந்தது. இந்தக் கட்டியை அடிக்கக்கூடிய சூட்டின் அகலம் மிகக் குறைவு. மங்கிய சிவப்புக்கும் ஆரஞ்சுக்கும் இடையில் ஒரு சின்ன இடைவெளி. அதற்குள் நின்று, சின்னச் சின்ன அடியாக, பல முறை காய்ச்சி அடிக்கவேண்டும். தென்னிந்தியாவிலும் பாரசீகத்திலும் இருந்த கொல்லர்களுக்கு அந்த இடைவெளி தெரிந்திருந்தது. கட்டி கப்பலில் போனது. அடிக்கத் தெரிந்த கை அதோடு போகவில்லை.

1790களில் பம்பாயிலிருந்து ஹெலனஸ் ஸ்காட் என்ற மருத்துவர் லண்டன் ராயல் சொசைட்டிக்கு இந்த எஃகின் மாதிரிகளை அனுப்பினார். 1795இல் ஜார்ஜ் பியர்சன் அதை ஆராய்ந்து கட்டுரை வாசித்தார். "வூட்ஸ்" என்ற பெயர் அங்கிருந்துதான் ஆங்கிலத்தில் பரவியது. கன்னடத்து "உக்கு", நம் "உருக்கு" ஆகிய சொற்களின் சிதைவு அது என்பது பொதுவான கருத்து. லண்டனில் அறுவைக் கத்திகள் செய்துவந்த ஜேம்ஸ் ஸ்டோடார்ட் அந்த எஃகில் கருவிகள் செய்து பார்த்து, ஐரோப்பாவின் சிறந்த எஃகைவிட இதையே தான் விரும்புவதாகத் தன் கடை அட்டையிலேயே அச்சிட்டுக்கொண்டார். அவரோடு சேர்ந்து உழைத்த இளைஞர் பின்னாளில் மின்னியலில் பெரும்புகழ் பெற்ற மைக்கேல் ஃபாரடே. அவர் ஒரு கொல்லரின் மகன் என்பதையும் நினைவில் வைக்கலாம். 1819இல் ஃபாரடே உருக்கைப் பகுப்பாய்வு செய்து, அதன் சிறப்புக்குக் காரணம் அலுமினா, சிலிக்கா போன்ற கலப்புகள் என்று முடிவுகட்டினார். அந்த முடிவு நிற்கவில்லை. ரகசியம் கட்டிக்குள் கலந்திருக்கும் ஏதோ ஒரு பொருள் என்று அவர் தேடினார். சூட்டையும் சுத்தியலையும் அவர் கணக்கில் எடுக்கவில்லை.

எஃகின் நுண்ணமைப்பை முதலில் கண்ணால் பார்த்தவர் ஷெஃபீல்டைச் சேர்ந்த ஹென்றி கிளிஃப்டன் சோர்பி. வெட்டுக்கருவி செய்யும் குடும்பத்தில் பிறந்தவர். 1863இல் எஃகுத் துண்டை மெருகேற்றி, அமிலத்தில் லேசாக அரித்து, நுண்நோக்கியில் வைத்துப் பார்த்தார். முத்துப்போல் மினுங்கிய பகுதிகளைக் கண்டு குறித்தவர் அவர்தான். இருபது ஆண்டுகளுக்கு அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்தக் கட்டிகள் வந்த இடங்களில் ஒன்று சேலம் பகுதி. கஞ்சமலையின் இரும்புக் கனிமம் பேர்போனது. மேற்கே கொடுமணலிலும், தென்னாற்காட்டு மேல்சிறுவலூரிலும் மூசையில் எஃகு செய்ததன் தடயங்களைத் தொல்லியலாளர்கள் கண்டெடுத்திருக்கிறார்கள். செய்முறையை 19ஆம் நூற்றாண்டில் நேரில் பார்த்து எழுதியவர்கள் இருக்கிறார்கள். உலையில் எடுத்த இரும்பை அடித்துச் சுத்தமாக்கி, துண்டாக்கி, உமி கலந்த களிமண்ணால் செய்த மூசைக்குள் போடுவார்கள். கூடவே காய்ந்த ஆவாரங்குச்சி. மேலே எருக்கிலை. மூசையின் வாயைக் களிமண்ணால் அடைத்து, பல மூசைகளை ஒன்றாக அடுக்கி, மணிக்கணக்கில் துருத்தி ஊதுவார்கள். ஆவாரையும் எருக்கும் கார்பன் ஆகி இரும்பில் ஏறும். ஆறியபின் மூசையை உடைத்தால் உள்ளங்கையில் அடங்கும் கட்டி.

இந்தச் சேலத்துக் கனிமத்தை நம்பித் தொழிற்சாலை தொடங்கியவர் ஜோசையா மார்ஷல் ஹீத். கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகத்தை விட்டுவிட்டு, 1830இல் பரங்கிப்பேட்டையில் உலைகளை நிறுவினார். ஷெஃபீல்டுக்கு இரும்பு அனுப்பினார். தொழில் அவரைக் கடனாளியாக்கியது. இங்கிலாந்து திரும்பிய ஹீத் 1839இல் ஒரு காப்புரிமை பெற்றார். எஃகு உருக்கும்போது கொஞ்சம் மாங்கனீசு சேர்த்தால் அது சுத்தியலுக்கு உடையாமல் தாங்கும் என்பதுதான் அது. காரணம் பிற்பாடு தெரிந்தது. இரும்பிலுள்ள கந்தகம் பரல்களின் எல்லையில் படலமாகப் படிந்து, சூட்டில் உருகி, அடி விழும்போது பரல்களைப் பிரித்துவிடும். மாங்கனீசு அந்தக் கந்தகத்தைத் தன்னோடு பிணைத்துக்கொள்ளும். ஷெஃபீல்டு எஃகின் விலை இதனால் பெருமளவு குறைந்தது. ஹீத்துக்குப் பலன் வரவில்லை. உற்பத்தியாளர்களோடு வழக்காடியே 1851இல் இறந்தார். மலிவான ஷெஃபீல்டு எஃகு உலகம் முழுக்கப் போனது. சேலத்துச் சந்தைக்கும் வந்தது.

மற்றவையும் சேர்ந்துகொண்டன. 1876 முதல் 1878 வரையிலான பெரும்பஞ்சம் சேலம் மாவட்டத்தைக் கடுமையாகத் தாக்கியது. 1882இல் வந்த சென்னை வனச்சட்டம் காட்டை அரசின் சொத்தாக்கியது. மரக்கரி இல்லாமல் உலை எரியாது. நூற்றாண்டு முடிவதற்குள் மூசை எஃகுத் தொழில் அணைந்துபோனது.

மலாயாவின் தோட்டங்களுக்கு ஆள் திரட்டிய மாவட்டங்களின் பெயர்களைப் பாருங்கள்: திருச்சி, தஞ்சாவூர், வடாற்காடு, சேலம். எஃகுக் கட்டி வெளியூருக்குப் போன அதே சேலம் மனிதர்களையும் அனுப்பியது. உலைக்காரர்கள் கூலிகளாகக் கப்பலேறினார்கள் என்ற நேர்க்கோட்டுக் கதையை நான் சொல்லவில்லை. ஒரு வட்டாரத்தின் கைத்தொழிலும் காடும் விவசாயமும் சேர்ந்து சரிந்தபோது, அங்கிருந்தவர்களுக்கு நாகப்பட்டினத்துக் கப்பல் ஒரு வழியாகத் தெரிந்தது என்பதை மட்டும் சொல்கிறேன். ரஸ்ஸல் 1929இல் கேமரன் மலையில் தோட்டம் தொடங்கியபோது, தமிழ்த் தொழிலாளர் வரவு முடிவுக்கு வர இன்னும் ஒன்பது ஆண்டுகளே இருந்தன. 1938இல் இந்திய அரசு கூலி ஆட்கள் அனுப்புவதைத் தடைசெய்தது. அதற்குள் வந்தவர்களும், கீழ்நாட்டு ரப்பர் தோட்டங்களிலிருந்து மேலே ஏறியவர்களும்தான் இந்தச் சரிவுகளில் முதல் கவ்வாத்தை வெட்டினார்கள். காலனித் தோட்டங்களுக்குக் கருவிகள் செய்து அனுப்பிய ஊர்களில் ஷெஃபீல்டும் பர்மிங்காமும் முதன்மையானவை. சேலத்துக்காரர் கையில் சீமைக் கத்தி வந்து சேர்ந்த பாதை இதுதான்.

இதைச் சொன்னதும் நம்மவர்களிடம் ஒரு பெருமிதம் கிளம்புவதைப் பார்க்கிறேன். "நம் முன்னோர் அன்றே நானோ தொழில்நுட்பம் அறிந்திருந்தார்கள்" என்று வாட்ஸ்அப்பில் மாதம் ஒருமுறையாவது வருகிறது. அதன் மூலம் 2006இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பீட்டர் பாஃப்லர் குழுவினர் வெளியிட்ட ஆய்வு. 17ஆம் நூற்றாண்டு டமாஸ்கஸ் வாளின் ஒரு சிறு துண்டை அமிலத்தில் கரைத்து, அதில் கார்பன் நானோ குழாய்களைப் பார்த்ததாக எழுதினார்கள். ஆய்வு உண்மை. அந்தக் குழாய்கள்தான் வாளுக்கு வலிமை தந்தன என்று அது நிறுவவில்லை. அந்தக் காலத்தில் யாரும் அவற்றை அறிந்து செய்யவும் இல்லை.

அறிந்து செய்தது வேறொன்று. எனக்கு அது நானோ குழாயைவிடப் பெரிதாகப் படுகிறது. 1990களில் அமெரிக்க உலோகவியலாளர் ஜான் வெர்ஹோவன், ஆல்ஃபிரட் பென்ட்ரே என்ற கொல்லரோடு சேர்ந்து அந்த வாள்களின் நீர்க்கோல வரிகளை மீண்டும் உண்டாக்கினார். எஃகில் மிகமிகச் சிறிய அளவில் வனேடியம் போன்ற தனிமங்கள் கலந்திருந்தால், கட்டி உறையும்போது அவை சீரற்றுப் பரவி உறைகின்றன. கொல்லர் அடிக்க அடிக்க அந்தச் சீரின்மை தட்டையான அடுக்குகளாக நசுங்குகிறது. ஒவ்வொரு முறை காய்ச்சும்போதும் சிமெண்டைட் துகள்கள் ஓரளவு கரைந்து, ஆறும்போது அந்த அடுக்குகளில் போய்ச் சேர்கின்றன. பல சுற்றுக்குப் பிறகு வரி தெளிகிறது. சூடு ஒருமுறை எல்லை மீறினாலும் அத்தனையும் கரைந்துபோகும். அதாவது அந்த வரிகள், கொல்லர் எத்தனை முறை அடித்தார், எங்கே நிறுத்தினார் என்பதன் பதிவேடு. கனிமம் மாறிப்போனால் சரியாக அடித்தும் வரி வராது. இந்தப் புதிரை உடைக்கப் பேராசிரியருக்கு ஒரு கொல்லரின் கை தேவைப்பட்டது என்பதைக் கவனிக்கவேண்டும்.

புறநானூற்றில் பொன்முடியாரின் பாடலொன்று ஊரில் ஒவ்வொருவருக்கும் உள்ள கடமையைச் சொல்லும்போது கொல்லருக்கு வேல் வடித்துத் தருவதைச் சொல்கிறது. வடித்தல் என்றால் கூராக்குதல், திருத்தமாக்குதல். வடிவேல் என்று பிள்ளைகளுக்குப் பெயர் வைக்கிறோம். அந்த வடிப்பைச் செய்தவருக்கு நம் நினைவில் பெயரில்லை. முன்னோர் பெருமை பேசும்போது நாம் வாளையும் அரசனையும் எடுத்துக்கொள்கிறோம். உலையருகே நின்றவரின் சாதியை ஊருக்கு வெளியே வைத்தோமா, எங்கே வைத்தோம் என்ற கேள்வியை விட்டுவிடுகிறோம். தோட்டத்திலும் அதே கதை. கிராணி எழுதிய பேரேட்டில் கத்தி அடித்த கிழவர் லோரி கொட்டகை ஆள். அவ்வளவுதான்.

இன்று கேமரன் மலையில் இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு போகும் இயந்திரம் கொழுந்தை வாரி எடுக்கிறது. கவ்வாத்துக்கும் மோட்டார் வைத்த கருவிகள் வந்துவிட்டன. வெட்டுகிறவர்களில் பலர் வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்த பிள்ளைகள். கத்தி மழுங்கினால் புதிய பிளேடு மாட்டிக்கொள்ளலாம். இது நல்லதுதான், தாத்தாவின் தோள்வலியை அறிந்தவன் வேறு மாதிரி சொல்லமாட்டான். பட்டறைத் தாத்தா இறந்தபோது அவர் கையிலிருந்ததை யாரும் எழுதி வைத்திருக்கவில்லை என்பதும் உண்மை. பாரிஸில் ரேயோமூர் திணறியதும், ஃபாரடே கலப்பில் தேடியதும், வெர்ஹோவன் எத்தனையோ ஆண்டுகள் செலவழித்ததும் இப்படி எழுதப்படாமல் போன ஒன்றைத் திரும்பப் பிடிக்கத்தான்.

தோட்டத்து வரலாற்றைத் தொகுக்கும் இளைஞர்கள் இப்போது நிறையப் பேர் இருக்கிறார்கள். லயம், கோயில், பள்ளி, திருவிழா என்று எல்லாவற்றையும் பதிவு செய்கிறார்கள். அவர்களிடம் ஒன்று கேட்பேன். வீட்டில் பழைய கத்தியோ பாராங்கோ இருந்தால் படம் எடுப்பதோடு விடாதீர்கள். அதை அடித்தவரோ, அடிக்கும்போது பக்கத்தில் நின்றவரோ இன்னும் இருந்தால் போய்க் கேளுங்கள். எந்த இரும்பில் அடித்தீர்கள், எந்த நிறத்தில் அடிப்பதை நிறுத்துவீர்கள், எண்ணெயா தண்ணீரா, விளிம்பில் என்ன நிறம் ஓடும்போது எடுப்பீர்கள் என்று கேளுங்கள். கேட்டதை அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள்.